பலகையில் அண்ணனும் தம்பியும்

ஆர்டன்வேல் தோட்டம், மேல் பிரிவு,
பொகவந்தலாவை.
2024 செப்டெம்பர் 3

அன்புள்ள ஜொய்சி அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு மணித்தியாலம் முன்பே சொல்லிவிடுகிறது. மற்றபடி மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறார். மடத்தில் உங்கள் சுகம் எப்படி என்பதை, மதர் படித்துப் பார்த்து அனுமதிக்கிற அளவுக்காவது எழுதுங்கள்.

கேலி போகட்டும். எனக்கு உங்கள் உதவி வேண்டும். போன மாதம் இரண்டாவது இன்டர்வியூவிலும் விழுந்துவிட்டேன். கம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்தால் ஏதோ செய்து தப்பிவிடுவேன். இந்தக் கொழும்புக் கம்பனிகள் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, மார்க்கரைக் கையில் கொடுத்து, எழுது என்கிறார்கள். கேட்பது எப்போதும் அரேதான். பாடப்புத்தகத்தில் அணி என்று படித்தோமே, வரிசையாக அடுக்கி வைத்த எண்கள். எனக்கு விடை வரும். ஆனால் லூப்புக்குள் லூப் போட்டுத்தான் வரும். இதைவிட வேகமாக முடியாதா என்று கேட்டதும் கை நின்றுவிடும்.

ஜனவரியில் நீங்கள் வேலை செய்த அதே கம்பனி ஒரு பயிலுனரை எடுக்கிறது. ஒரே ஓர் இடம். அதுவும் போனால் பெப்ரவரியில் கொழும்பில் சித்தப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் ஆணி நிறுத்துப் போட எனக்கு ஆசையில்லை.

அங்கே உங்களுக்குப் போனும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. பலகையும் அப்படித்தானே. நீங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், நானும் கையால் எழுதி அனுப்புகிறேன்.

நான் தனியாக இல்லை. உங்கள் கூட்டாளி லோஜினி அக்காவும் அதே இடத்துக்குத்தான் படிக்கிறார். கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். பின்னேரங்களில் கோவில் ஹோலில் இருவரும் உட்காருகிறோம். உங்களை விசாரித்தார்.

அம்மாவின் முத்தங்களோடு,
தம்பி ஜூட்

*

கன்னியர் மடம், கண்டி.
2024 செப்டெம்பர் 15

அன்பின் ஜூட்,

இறைவன் காவலில் நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தடவி, கம்பளித் துணியால் கட்டச் சொல். நான் சொன்னேன் என்று சொன்னால் கட்டுவார்.

மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் மட்டுமே நாங்கள் கடிதம் எழுதலாம். எழுதியதை ஒட்டாமல் மதரிடம் கொடுக்க வேண்டும். போன வாரம் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "அணி என்றால் என்ன, சிஸ்டர்?" என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார்.

உன் நோய் எனக்குத் தெரிகிறது. விடை வந்ததும் நிம்மதியாகிவிடுகிறாய். ஓர் அணியில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் பதினொன்று வரும் என்று கேட்டால், நீ ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கிறாய். பத்தாயிரம் எண் இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து கோடித் தடவை. ஒரே நடையில் போய்ப் பார். 3, 9, 4, 7 என்று இருக்கட்டும். மூன்றில் நின்று, எனக்கு எட்டு வேண்டும், இதுவரை பார்த்தேனா என்று கேள். இல்லை. மூன்றை நினைவில் வைத்துக்கொண்டு ஒன்பதுக்குப் போ. இரண்டு வேண்டும், பார்க்கவில்லை. நான்குக்கு ஏழு வேண்டும், பார்க்கவில்லை. ஏழில் நின்று, நான்கைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்திருக்கிறாய். நான்கு அடியில் வேலை முடிந்தது. திரும்பிப் போகாமல் இருக்க எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விதான் எல்லாக் கணக்கிலும் வரும்.

எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் சும்மா நில். பலகை வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே.

என் செபங்களில் நீங்கள் இருவரும்,
அக்கா

*

பொகவந்தலாவை.
2024 செப்டெம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கட்டு நன்றாயிருக்கிறது, ஆனால் மலை அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சுகமாகத்தான் இருக்கிறார். நீங்களும் சுகம்தானே?

உங்கள் கடிதத்தை ஹோலில் வைத்து இரண்டு பேரும் படித்தோம். நான் ஒரு தடவை படித்துவிட்டுப் புரிந்தது என்று சொன்னேன். லோஜினி அக்கா நான்கு தடவை படித்துவிட்டுப் புரியவில்லை என்றார். பிறகு தாளை மூடி வைத்துவிட்டு அரை மணித்தியாலம் எழுதினார். முடிவில் அவர் எழுதியதுதான் சரி, நான் எழுதியது ஒரே எண்ணை இரண்டு தடவை கூட்டியது. அவர் ஆமை. ஆனால் போய்ச் சேருகிற ஆமை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அதே கம்பனி இன்டர்வியூவுக்கு நீங்களும் அவரும் ஒரே பஸ்ஸில் போனதாகச் சொன்னார். ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டீர்களாம். "ஒங்க அக்கா நாலு நிமிசத்துல முடிச்சிட்டு வெளிய வந்துட்டா. நான் முக்கா மணித்தியாலம் நின்னேன்," என்று சொல்லிச் சிரித்தார். இதை நீங்கள் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லையே.

இன்னொன்றும் கேட்கிறேன். நாலு நிமிடத்தில் பிடித்த வேலையைப் பதினான்கு மாதத்தில் ஏன் விட்டீர்கள்? தேவ அழைத்தல் என்று அம்மா சொல்வார். நான் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஜூட்

*

கண்டி.
2024 ஒக்டோபர் 6

அன்பின் ஜூட்,

நான் நலம். அம்மாவைச் சரிவான மலைக்குப் போகாமல் தட்டையான மலை கேட்கச் சொல். கங்காணி தருவார்.

இந்த முறை நகரும் சாளரம். அடுத்தடுத்த மூன்று எண்களின் ஆகக் கூடிய கூட்டுத்தொகை வேண்டும். 5, 2, 8, 1, 9. முதல் மூன்றும் பதினைந்து. அடுத்த மூன்றை முதலிலிருந்து கூட்டாதே. வெளியே போகிற ஐந்தைக் கழி, உள்ளே வருகிற ஒன்றைக் கூட்டு, பதினொன்று. இரண்டைக் கழி, ஒன்பதைக் கூட்டு, பதினெட்டு. எண்களில் மறை எண், அதாவது பூச்சியத்துக்குக் கீழான எண், வந்தால் இதே முறையை எங்கெல்லாம் நம்பலாம், எங்கெல்லாம் நம்பக்கூடாது என்று நீயே யோசித்துப் பார். பின்பக்கத்தில் மூன்று கணக்கு எழுதியிருக்கிறேன். விடை எழுதவில்லை.

நேரம் குறைவாக இருக்கிறது. மணி அடிக்கப்போகிறது.

அக்கா

*

பொகவந்தலாவை.
2024 ஒக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். போன கடிதத்தில் மணி கொஞ்சம் சீக்கிரமாகவே அடித்துவிட்டது போல. இரண்டு கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. மதர் படிப்பதால் எழுதவில்லையா, எனக்குச் சொல்லக்கூடாது என்பதால் எழுதவில்லையா?

சரி, அணிக்கு வருவோம். மூன்று கணக்கில் எனக்கு இரண்டு சரி. லோஜினி அக்காவுக்கு மூன்றும் சரி. அவருக்கு நான்கு நாள் எடுத்தது. மறை எண் கேள்வியை அவர்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் விட்டுவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. ஹட்டனில் சோலைமலை சார் மறுபடி இன்டர்வியூ வகுப்புத் தொடங்கியிருக்கிறார். நீங்கள் படித்த அதே சார்தான். நான் சேர்ந்துவிட்டேன். லோஜினி அக்காவையும் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார். சார் பாடம் நடத்துவதைப் பார்த்தால் படுத்த நோயாளியும் எழுந்து புரோகிராம் எழுதுவான். மூன்று எண்களைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும், எந்த மூன்று? எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டு, சார் சொல்கிறார்: "அக்கா ஒரே எடத்துல நிப்பா. அண்ணன் இந்தப் பக்கமிருந்து வருவான், தம்பி அந்தக் கடைசியிலயிருந்து வருவான். கூட்டு கொறஞ்சா அண்ணன் ஒரு அடி முன்னுக்கு வைப்பான். கூடினா தம்பி ஒரு அடி எறங்குவான். ரெண்டு பேரும் சந்திச்சா அக்கா அடுத்த எடத்துக்குப் போவா." புரோகிராமிலும் அந்தப் பெயர்களைத்தான் எழுத வேண்டும். akka, anna, thambi. எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேருக்கும் அது மனப்பாடம். நான் எழுதியதைப் பின்பக்கத்தில் பாருங்கள்.

உங்களை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். "ஜொய்சி என் கை வளர்த்த புள்ள," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூட்

*

கண்டி.
2024 நவம்பர் 17

அன்பின் ஜூட்,

முதல் ஞாயிறே எழுத வேண்டியது, எழுதவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

நீ அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். வேலை செய்யும். ஆனால் akka, anna, thambi என்று எழுதாதே. left, right என்று எழுது. அல்லது உனக்குத் தோன்றிய வேறு பெயரை எழுது. இதை நான் சும்மா சொல்லவில்லை.

சார் பொது வகுப்பில் நடத்துவதைப் படி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்டர்வியூ கிட்ட வரும்போது தனியாகக் கூப்பிட்டால் போகாதே. ஏன் என்று கேட்காமல் ஒரு முறை என் சொல்லைக் கேள்.

லோஜினியோடு உட்கார்ந்து படிப்பதை விடாதே. அவளுடைய முறைதான் சரியான முறை. நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

பெப்ரவரி இரண்டாம் திகதி எங்கள் நான்கு பேருக்கும் முதல் வார்த்தைப்பாடு. அன்றோடு நான் முறைப்படி இந்தச் சபையைச் சேர்ந்தவள் ஆகிவிடுவேன். அம்மாவை அழைத்து வருவாய்தானே.

அக்கா

*

பொகவந்தலாவை.
2024 டிசம்பர் 8

அக்காவுக்கு,

நலம். இங்கே மழை விடவில்லை. அம்மா மூன்று நாளாக மலைக்குப் போகவில்லை, கால் வீங்கியிருக்கிறது. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. வார்த்தைப்பாட்டுக்குக் கட்டாயம் வருவாராம், பச்சைச் சேலையை இப்போதே மடித்து வைத்துவிட்டார்.

சார் உங்களுக்கு என்ன குறை வைத்தார் என்று தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு வழி காட்டுகிற ஒரே ஆள் அவர்தான். நீங்கள் உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். எங்களுக்கு இன்னும் உள்ளே போகவே முடியவில்லை. அம்மாவின் காலை நீங்கள் அங்கிருந்து தைலத்தால் பார்க்கிறீர்கள், நான் இங்கே தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

இன்டர்வியூ ஜனவரி 22. எனக்கும் லோஜினி அக்காவுக்கும் ஒரே நாள். எல்லாம் ஆயத்தம். நீங்கள் கணக்கு அனுப்ப வேண்டியதில்லை.

ஹோலுக்கு இப்போது நான் போவதில்லை. மழை.

ஜூட்

*

கண்டி.
2024 டிசம்பர் 15

அன்பின் ஜூட்,

நத்தார் வாழ்த்துகள் உனக்கும் அம்மாவுக்கும். அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காலைக் காட்டு.

நீ கோபத்தில் எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் இதுவரை உன் ஒவ்வொரு கடிதத்திலும் அணி பற்றி ஏதாவது ஒரு பேச்சு இருந்தது. இந்தக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. இன்டர்வியூ நெருங்கும்போது கேள்வியே இல்லாத ஆளை எனக்குத் தெரியும்.

சார் உனக்கு என்ன கொடுத்தார்? பதில் எழுது.

அக்கா

*

கண்டி.
2025 ஜனவரி 15

அன்பின் ஜூட்,

ஒரு மாதமாகிறது. நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவின் கால் எப்படி என்றுகூடத் தெரியாமல் இருக்கிறேன்.

இன்று புதன்கிழமை. கடிதம் எழுதும் நாள் இல்லை. மதரிடம் போய் அனுமதி கேட்டேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன், அவர் படிப்பார். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், இன்டர்வியூவுக்கு முந்திய நாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முந்திய வாரம் அதே கம்பனிக்குப் போய் வந்த பையன் கேள்வியைக் கொண்டுவந்திருந்தான். சார் அதைச் சொல்லி, விடையையும் எழுதிக் காட்டினார். "நம்ம தோட்டத்துப் புள்ள ஒண்ணு உள்ள போயிட்டா, மத்ததுகள இழுத்துக்கிடலாம். ஒருத்திக்குத்தான் சொல்லுவேன். லோஜினிக்குத் தெரியக்கூடாது," என்றார். நான் சரி என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ஜூட்.

மறுநாள் அவளோடு ஒரே சீட்டில் ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போனேன். பயமா இருக்கு என்று என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கொண்டுவந்த பார்சலைத்தான் சாப்பிட்டோம். நான் உள்ளே போய் anna, thambi என்று எழுதி நான்கு நிமிடத்தில் வெளியே வந்தேன். வேலை எனக்குக் கிடைத்தது. அவள் கார்மென்ட்ஸுக்குப் போனாள்.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினான்காவது மாதம், புதிதாக ஆள் எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கொட்டகலைப் பையன் ஒருவன் வந்தான். மார்க்கரை வாங்கினான், நிற்காமல் எழுதினான். anna, thambi. சேர்ட் கொலர் நனைந்திருந்தது. முடிவு கேட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான், எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நான் செய்ததைச் செய்தவனை நான் வெளியே அனுப்பினேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

அதனால்தான் மடத்துக்கு வந்தேன் என்று நினைக்காதே. அழைத்தல் உண்மை. ஆனால் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வார்த்தைப்பாட்டுக்கு நிற்கப் பார்த்தேன், அதுவும் உண்மை.

நீ தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதினால் உனக்கு அந்த இடம் கிடைக்கலாம். கிடைக்காது என்று பொய் சொல்லமாட்டேன். அம்மாவின் கால் எனக்கும் தெரியும். ஆனால் உன் பக்கத்து சீட்டில் மறுபடியும் லோஜினிதான் இருப்பாள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. அவளுக்கு நேராக எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா

*

பொகவந்தலாவை.
2025 ஜனவரி 27

அக்காவுக்கு,

அம்மாவின் வீக்கம் வற்றிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை 21ஆம் திகதி காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதியும்போது, கிளார்க் ஐயா அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அம்மா அதைச் சோற்றுப் பார்சலோடு என் பையில் வைத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறும்போதுதான் சொன்னார். "அக்கா கடுதாசி வந்திருக்கு. போற வழியில படிச்சுக்க. நல்ல வார்த்த சொல்லியிருப்பா."

கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது பிரித்தேன். லோஜினி அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் உங்கள் மேல் வந்த கோபத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. இது ஒரு நாள் பிந்தி வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஆமாம், சார் சொன்னார். டிசம்பரில் அந்தக் கம்பனியின் இன்னொரு பிரிவுக்குப் போன பையன் கேள்வியைக் கொண்டுவந்தான். மூன்று எண்கள், பூச்சியம். "ஜொய்சி தம்பிக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன்," என்றார். அதற்குப் பிறகு என்னால் லோஜினி அக்கா முன்னால் உட்கார முடியவில்லை. மழையால் இல்லை.

பஸ்ஸிலேயே அவரிடம் கேள்வியைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால் எங்கள் இருவருக்கும் சமம். ஆனால் அங்கே போனால் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. என் கை என்னைக் கேட்கவில்லை, அக்கா. அடுக்கினேன், akka, anna, thambi, மூன்று நிமிடம். கேட்டுக்கொண்டிருந்த மிஸ், "வெரி குட்," என்று சொல்லித் தாளில் எழுதப் போனார். அம்மாவின் பச்சைச் சேலைகூட எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது சொல்லிவிட்டேன். "மிஸ், இந்தக் கேள்வி எனக்கு ஒண்ணரை மாசமா தெரியும். சொல்லித் தந்தாங்க."

யார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. பலகையைத் தானே அழித்துவிட்டு வேறு கேள்வி எழுதினார். அடுத்தடுத்து நிற்கும் எண்களைக் கூட்டினால் ஏழு வருகிற துண்டுகள் எத்தனை என்று கேட்டார். நான் சாளரம் போட்டேன். மிஸ் நடுவில் ஒரு மறை எண்ணை வைத்தார், எல்லாம் உடைந்துபோனது. பிறகு இரண்டு லூப் போட்டேன். விடை வந்தது. இதைவிட வேகமாக முடியாதா என்று கேட்டார். கை நின்றுவிட்டது. அடுத்த வருஷம் வாங்க என்றார்.

நான் வெளியே வந்த பிறகு எல்லோருக்கும் கேள்வியை மாற்றினார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு பேரையும் திருப்பிக் கூப்பிட்டார்கள். லோஜினி அக்கா உள்ளே போய் ஐம்பது நிமிடம் வரவில்லை. முதலிலிருந்து கூட்டிக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஏழு குறைந்த கூட்டுத்தொகையை இதற்கு முன் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்டாராம். ஒரே நடை.

திரும்பி வரும்போது உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஹட்டனில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை அவருக்குக் கம்பனியிலிருந்து போன் வந்தது. வேலை அவருக்குத்தான்.

நான் மூன்றாம் திகதி ஹார்ட்வெயார் கடைக்குப் போகிறேன். சார் ஆளனுப்பி, இனி வகுப்புப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியதையும் சொன்னேன். அழுதார். பிறகு, வார்த்தைப்பாட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

ஜூட்

*

கண்டி.
2025 பெப்ரவரி 2

லோஜினி,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் வேலைக்கு என் வாழ்த்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, இருந்தும் சொல்கிறேன்.

இன்று எங்களில் மூன்று பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். நான் பாடகர் குழுவில் நின்றேன். என்னுடையது ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கிறது. "செய்ததற்காக இல்லை, சிஸ்டர். இரண்டு வருஷம் என் முன்னால் உட்கார்ந்து சொல்லாமல் இருந்ததற்காக," என்றார் மதர். அம்மாவும் வந்திருந்தார். பச்சைச் சேலையில் கோவிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது என் தலையில் கை வைத்தார்.

நான் உன் இடத்தை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன். என்னை மன்னித்துவிடு.

ஜொய்சி

*

வெள்ளவத்தை, கொழும்பு.
2025 பெப்ரவரி 23

ஜொய்சி,

நான் சுகம். நீயும் சுகமாக இரு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமையாகிறது. பதுளைப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ஒரே அறையில் இருக்கிறேன். வெக்கைதான் தாங்க முடியவில்லை.

உன் கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசிக்கும்போது பேனை மூடியைக் கடிப்பாய். ஸ்கூலில் எத்தனை மூடியைக் கடித்துத் துப்பியிருப்பாய். அன்று மார்க்கரை ஒரு தடவைகூட வாயருகே கொண்டுபோகவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். அவிசாவளையில் நினைத்தேன், கித்துல்கலையில் நினைத்தேன். ஹட்டனில் இறங்கி, போய்ட்டு வாறேன் என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டாய்.

ஜூட் உன் கடிதங்களைக் கொண்டுவந்து விரித்தபோது எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை, எனக்கு வேலை வேண்டியிருந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் படித்தேன். நீ நன்றாகச் சொல்லித் தருகிறாய். அதை நினைக்கும்போது இன்னும் எரிச்சலாக இருந்தது. டிசம்பரில் அவன் ஹோலுக்கு வராமல் நின்றதும், இவனும் அவள் தம்பிதான் என்று நினைத்துக்கொண்டேன். அதை நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருப்பதால் பின்னேரம் வருகிறான். கை முழுக்கக் கிறீஸ். மறை எண் வந்தால் இன்னும் தடுமாறுகிறான், ஆனால் இப்போது சும்மா நின்று யோசிக்கிறான். அடுத்த வருஷத்துக்கு அவனை நான் பழக்குகிறேன். அது அவனுக்காக, உனக்காக இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மன்னிக்கமாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் சரியாக வரவில்லை. சொல்ல உனக்கு ஆறு வருஷம் எடுத்தது. எனக்கும் கொஞ்ச நாள் வேண்டும்.

அடுத்த வருஷம் வார்த்தைப்பாட்டுக்கு எனக்குத் தனியாகக் கடிதம் போட்டுக் கூப்பிடு. வருவேனா என்று இப்போது சொல்லமாட்டேன். நீ கூப்பிடு.

லோஜினி